கை நனைக்காமல் மூன்று நாள்

மலேசியாவில் நான் முதலில் பார்த்தது ஒரு சட்டைக் காலரை. விமான நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரியின் காலர் அது. உள்பக்கத்தை முதலில் போட்டு, நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்த்து, பிறகு திருப்பியிருந்தார்கள். அவசரக்காரன் நடுவிலிருந்து நுனிக்கு இழுப்பான். நுனியில் ஒரு சின்னச் சுருக்கம் சேர்ந்து நிற்கும். இந்தக் காலரில் அது இல்லை. நல்ல ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு தமிழ்ப் பெண், "எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்கறாரு, அங்கிள்" என்றாள்.

"வூடு பாக்க வந்துகீறேன்னு சொல்லும்மா."

"வீடு வாங்கப் போறீங்களா?"

"நானா? மாப்ள வூடும்மா. பொண்ணுக்கு."

அவள் அதை அதிகாரிக்கு வெகுநேரம் விளக்கினாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரித்து, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் பெண் இருக்கலாம்.

விஷயம் அவ்வளவுதான். என் பெண் மலர் அந்த ஊரில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் ஐந்து வருடமாக வேலை செய்கிறாள். அங்கேயே பிறந்து வளர்ந்த தினேஷ் என்ற தமிழ்ப் பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். என் வீட்டுக்காரி அமுதா இல்லை, போய் நாலு வருடம் ஆகிறது. அதனால் மாப்பிள்ளை வீடு பார்க்க நான் ஒருத்தனே போனேன். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். யார் பந்தியில் உட்கார வைக்கிறார்கள், எப்போது வைக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

வாடகைக் காரில் ஏறியதும் மலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்தால் ஏதோ கேட்கப் போகிறாள்.

"ப்பா, ஒண்ணு சொல்றேன். கோச்சுக்காத."

"சொல்லு."

"அவங்க அம்மா உன் வேலை பத்திக் கேட்டா, டெக்ஸ்டைல் லைன்னு சொல்லு."

"இன்னாது லைனு?"

"துணி சம்பந்தமான பிசினஸ். நான் அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

"துணி சம்பந்தந்தான? பொய் இல்லியே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மயிலாப்பூரில் ஒரு குறுக்குத் தெருவில், புங்க மரத்தடியில் என் இஸ்திரி வண்டி நாற்பத்தாறு வருடமாக நிற்கிறது. மலர் காலேஜ் போகிற காலத்தில் அந்தத் தெரு வழியாக வர மாட்டாள். கோயில் பக்கம் சுற்றிக்கொண்டு போவாள். அதை நான் கேட்டதில்லை. முன்பு ஒரு தடவை தேனாம்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தி, தேதி பார்க்கிற கட்டம். ஒரு நாள் ஒரு பெண் வண்டிக்கு வந்து ஒரு நீலச் சட்டையைப் போட்டு வைக்கச் சொன்னாள். மரத்தடியில் நின்று என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், போனாள். அவள் மாப்பிள்ளையின் அக்கா என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் அப்புறம் பேசவில்லை. சட்டையை வாங்கவும் வரவில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தூசி தட்டி, மடிப்பு மாற்றி, மறுபடி போட்டு வைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் துணி.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் மலர் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு வாங்கி வந்தாள். வாழை இலைத் துண்டில் கூம்பாக மடித்த பொட்டலம். உள்ளே காரச் சட்னி மாதிரி ஒன்று, அரை முட்டை, வெள்ளரித் துண்டு, வறுத்த வேர்க்கடலை, அதோடு பொரித்த நெத்திலி. நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் விற்கிற அதே நெத்திலிதான். இங்கே காலை ஏழு மணிக்கு அதைச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போகிறார்கள்.

நொச்சிக்குப்பத்து மீனவர் வீட்டுக் கல்யாணத் துணியெல்லாம் என் வண்டிக்குத்தான் வரும். சோப்பு, நீலம், வாசனைத் தூள் எல்லாம் போட்டு வெளுத்துத்தான் கொண்டு வருவார்கள். மூக்கில் வைத்தால் ஒன்றும் தெரியாது. பெட்டிச் சூடு பட்டதும் மீன் வாசனை எழுந்து உட்காரும். சமையல்காரர் வேட்டியில் தாளிப்பு எழும். ஆஸ்பத்திரி நர்ஸ் புடவையில் மருந்து எழும். துணி என்னதான் மறைத்தாலும் சூட்டுக்கு முன்னால் ஒளிக்க முடியாது.

மதியத்துக்கு மேல் தினேஷ் தன் காரில் வந்து அழைத்துப் போனான். லிப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. நல்ல பையன், சட்டைக் கையை அவனே தேய்க்கிறான் போலிருக்கிறது, இரண்டு கோடு விழுந்திருந்தது. போகிற வழியில் ஒரு கடை. கதவே இல்லாமல் திறந்து கிடந்தது. உள்ளே பத்து வாஷிங் மெஷின் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கடைக்காரர் என்று யாருமே இல்லை. ஒரு மலாய்க்காரர் நாற்காலியில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இது இன்னா கடை தம்பி?"

"டோபிக் கடை மாமா. நாமே போயி துவைச்சு, காய வெச்சு, எடுத்துக்கறது. போர்டுலயே டோபின்னுதான் போட்டிருக்கும். மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க."

"போர்டுலயே போட்டுகீறானா?"

"ஆமா மாமா. பெருசா."

நான் முன்சீட்டிலிருந்து திரும்பி மலரைப் பார்த்தேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அணைந்திருந்தது.

தினேஷின் அம்மா பெயர் பார்வதி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புருஷன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்து, தனியாகப் பையனை வளர்த்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஆளைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் என் சட்டையின் மூன்றாவது பொத்தான் வேறு சட்டையிலிருந்து வந்தது என்பது தெரிந்திருக்கும்.

"வாங்கய்யா. பசியாறியாச்சா?"

"ஆச்சும்மா. தண்ணி மட்டும் போதும்."

"தெரியும். அந்தப் பழக்கம் எங்க தோட்டத்துலயும் இருந்துச்சு." ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்தார். சமையலறையில் கறி கொதிக்கிற வாசனை. அது எனக்கல்ல என்று இருவருக்கும் தெரியும்.

"துணி வியாபாரம்னு மலர் பாப்பா சொன்னுச்சு."

"ஆமாம்மா. துணிதான்."

"விக்கிறீங்களா, வாங்குறீங்களா?"

"வரும், போவும்."

"கடை எங்க?"

"மயிலாப்பூரு. நல்ல எடம். நெழல் கீது."

மலர் இருமினாள்.

"எத்தன பேரு வேலை செய்றாங்க?"

"நானும் என் வூட்டுக்காரியும். இப்ப நான் மட்டும்."

பார்வதி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒரு பொய்யும் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு துணியைக் காட்டினார். பச்சையும் நீலமுமாய்ப் பூ, கொடி. "நான் எழுதுனது. பாத்தேக். மெழுகால வரைஞ்சு சாயம் போடுறது. வேலைய விட்டப்புறம் கைவினை மையத்துல கத்துக்கிட்டேன். வெள்ளிக்கிழமையானா அங்கதான். மருமகளுக்குன்னு ஒரு பட்டுப் புடவை எழுதிக்கிட்டிருக்கேன். முந்தானை மட்டும் பாக்கி." பிறகு மலரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்கு அங்க வாங்க. சுத்திப் பாருங்க. நானும் ஒரு முடிவா சொல்லிடறேன். அப்புறம் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடறதா இல்லையான்னு பாப்போம்."

சொம்புத் தண்ணீரை நான் முழுசாகக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை தினேஷுக்கு வேலை. நானும் மலரும் ரயிலில் போனோம். கதவு மூடுகிற சத்தம் கேட்டதும் நான் கைக்கு எட்டிய பெட்டியில் ஏறிவிட்டேன். மலரும் பின்னால் ஏறினாள். உள்ளே ஏசி, சுத்தம், உட்கார இடம். எல்லாம் ரோஸ் கலர். இரண்டு ஸ்டேஷன் போனபிறகு ஒரு அம்மாள், தலையில் முக்காடு, என்னிடம் குனிந்து மெதுவாக எதையோ சொன்னார். மலர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னா சொல்றாங்க?"

"'ஐயாவுக்குக் கால் வலி போல இருக்கு, பரவாயில்ல உக்காரட்டும். ஆனா இது பொம்பளைங்க பெட்டி'ன்றாங்க."

நம்ம பீச் ரயிலில் இப்படி ஏறியிருந்தால் அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் எனக்கு மூன்று தலைமுறைக்கும் சேர்த்துக் கிடைத்திருக்கும். இந்த அம்மாள் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அதனால் கூடுதல் வெட்கமாக இருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினேன். மலர் அங்கேயே இருந்துவிட்டாள். நான் தூங்கிவிட்டேன். மலர் தேடி வந்து எழுப்பியபோது எங்கள் ஸ்டேஷன் தாண்டியிருந்தது. அடுத்ததில் இறங்கி, எதிர் ரயில் பிடித்து, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தம் பேசப் போகிற நாளில் தாமதம். மலர் வழி முழுக்கப் போனில் பார்வதி அம்மாவுக்குச் சமாதானம் தட்டிக்கொண்டே வந்தாள்.

கைவினை மையம் என்பது பெரிய தோட்டத்துக்குள் கட்டைக்கால் மேல் நிற்கிற மரவீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை. ஒருத்தர் உளியால் மரத்தில் கொடி செதுக்குகிறார். இரண்டு பெண்கள் தாழை மாதிரி ஓலையைக் கிழித்துப் பாய் பின்னுகிறார்கள். ஒரு கிழவர் ஆள் உயரத்துக்குக் காத்தாடி கட்டிக்கொண்டிருந்தார், அதன் வால் பக்கம் பிறை நிலா. நம்ம ஊர்க் காத்தாடி மாதிரி அடுத்தவன் நூலை அறுக்கிற ஜாதி இல்லை. மேலே போய் ஓசை எழுப்புமாம். வெள்ளைக்காரச் சுற்றுலாக் கூட்டம் ஒன்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. தறியில் ஜரிகைத் துணி நெய்கிற பெண்ணிடம் நான் வெகுநேரம் நின்றேன். தங்க இழையை அவ்வளவு அடர்த்தியாக இழுத்திருந்தாள். இதைத் திருப்பிப் போட்டு, மேலே மல் துணி விரித்து, ஒரே இழுப்பில் தேய்க்க வேண்டும், பெட்டி நின்றால் கருத்துவிடும். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். துணியை நான் ரசிப்பதாக நினைத்திருப்பாள். ரசித்ததும் உண்மைதான்.

பாத்தேக் வீடு கடைசியில் இருந்தது. பார்வதி அம்மா இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஐனி என்ற மலாய்ப் பெண். அவர்தான் அங்கே பொறுப்பு. மரச் சட்டத்தில் முந்தானையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சின்னச் செம்புக் கிண்ணத்துக்கு மூக்கு வைத்த மாதிரி ஒரு கருவி. அதில் சூடான மெழுகை மொண்டு, துணியில் கோடு இழுக்கிறார்கள். மெழுகுக் கோட்டை சாயம் தாண்டாதாம். கடைசியில் வெந்நீரில் போட்டால் மெழுகு போய்விடும், கோடு வெள்ளையாக நிற்கும். முந்தானையில் வரிசையாக மரங்கள், நடுவில் ஒற்றையடிப் பாதை. ரப்பர் தோட்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. சுத்தமான கை.

"தாமதம்" என்றார் பார்வதி அம்மா.

"ரயில்ல தூங்கிட்டேம்மா."

"பாப்பா சொல்லுச்சு. பொம்பளைங்க பெட்டி." முகத்தில் ஒன்றும் இல்லை. "கால் வலின்னா இங்க உக்காருங்க. நானும் பாப்பாவும் சாயம் தேர்ந்தெடுத்துட்டு வர்றோம். ஐனியும் சாப்பிடப் போறா."

தொழுகை நேரம். ஆண்கள் எல்லாம் எழுந்து போனார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் ராயப்பேட்டை வாடிக்கைக்காரர்களின் வெள்ளை ஜிப்பா என் வண்டியில் மலையாகக் குவியும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் கடைசி ஜிப்பா போய்விட வேண்டும். இங்கே வெள்ளிக்கிழமை பதினொரு மணி தாண்டியும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. கை என்ன செய்வதென்று தெரியாமல் தொடையில் கிடந்தது.

அப்போதுதான் கவனித்தேன். முந்தானையில் மரங்களுக்கு மேலே, கோடே இல்லாத இடத்தில், மெழுகு சொட்டியிருந்தது. ஒன்றிரண்டு இல்லை. அங்கே ஒன்று, இங்கே மூன்று, ஒழுங்கே இல்லாமல். பெரிய சொட்டு, சின்னச் சொட்டு. பாவம், வயசான கை, கண்ணாடி வேறு. மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது என்று இப்போதுதானே சொன்னார்கள். அப்படியே சாயம் போட்டால் என் பெண்ணின் முந்தானை முழுக்க வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

எங்கள் வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பொத்தான் தளர்ந்திருந்தால் அமுதா தைத்துவிடுவாள், சொல்ல மாட்டாள். கார்த்திகைக்கு மறுநாள் வரும் பட்டுப் பாவாடைகளில் மெழுகுவர்த்தி சொட்டியிருக்கும். எடுத்துவிடுவேன், சொல்ல மாட்டேன். சொன்னால் அது விளம்பரம். கேட்காமல் செய்தால்தான் வாடிக்கைக்காரர் அடுத்த தடவையும் வருவார்.

மூலையில் விற்பனைத் துணிகளைத் தேய்க்க ஒரு இஸ்திரிப் பெட்டி இருந்தது. பக்கத்தில் பொட்டலம் மடிக்கிற பழுப்புக் காகிதம். நியூஸ் பேப்பர் கூடாது, அச்சு மை பட்டில் ஒட்டும். சூட்டைக் குறைத்து வைத்து, கன்னத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சட்டத்துக்கு அடியில் அட்டை மேல் என் துண்டை நாலாக மடித்து, இடது கையால் தாங்கிக்கொண்டேன். சொட்டின் மேல் காகிதம் வைத்து, பெட்டியின் நுனி மட்டும் படும்படி ஒரு ஒற்று. மெழுகு காகிதத்துக்கு ஏறிவிட்டது. காகிதத்தை நகர்த்தி இன்னொரு ஒற்று. பக்கத்துக் கோட்டுக்குச் சூடு போகக் கூடாது, அதுதான் வேலை. அறுபது எழுபது சொட்டு இருக்கும். கடைசியில் பெட்டியின் வயரைப் பிடுங்கி, காகிதங்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மலேசியா வந்ததிலிருந்து அந்த அரைமணி நேரம்தான் நிம்மதியாக இருந்தது.

முதலில் ஐனி வந்தார். சட்டத்தைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு பார்வதி அம்மாவும் மலரும் உள்ளே வந்தார்கள். ஐனி மலாயில் ஒன்று கேட்டார். மலர் பழக்க தோஷத்தில் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"'காலையில மழை இருந்துச்சே, எங்க போச்சு?'ன்றாங்க."

"வெளிய வெயிலடிக்குதே" என்றேன்.

பார்வதி அம்மா சட்டத்தின் முன்னால் நின்றார். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார். அப்புறம் ஐனியிடம் ஏதோ கேட்டார். குரல் உயரவில்லை, ஆனால் ஐனியின் முகம் மாறியது. இஸ்திரிப் பெட்டியைக் காட்டி இல்லை இல்லை என்று கையை ஆட்டினார்.

மலர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "தோட்டத்துல மழை பெய்யற மாதிரி டிசைனாம்ப்பா. மெழுகைத் தெளிச்சுத் தெளிச்சு மூணு வெள்ளிக்கெழம போட்டாங்களாம். யாரோ எடுத்துட்டாங்க. ஐனி பெட்டிய அணைக்காமப் போயிட்டாங்கன்னு அத்தை நெனைக்கறாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். மேஜை மேல் அடுக்கிய காகிதங்களைப் பார்த்தாள். நான் எப்படி அடுக்குவேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ப்பா."

"ம்."

"நீ ஒண்ணும் சொல்லாத. டூரிஸ்ட்டுங்க வந்தாங்க இல்ல? யாராவது தொட்டிருப்பாங்க. நீ பேசாம உக்காரு. கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் கண்ணில் தேனாம்பேட்டைச் சட்டை தெரிந்தது. ஐனி இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாப்பிடப் போன மனுஷி. கையில் குழம்புக் கறை கூடக் காயவில்லை.

நான் எழுந்தேன். "நாந்தாம்மா எடுத்தேன்."

பார்வதி அம்மா திரும்பினார். "நீங்களா? எதை?"

"மழைய. மெழுகு சிந்திப்போச்சுன்னு நெனச்சுகினேன். அந்தம்மா மேல தப்பு இல்ல."

"எப்படி எடுத்தீங்க?"

காகிதங்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை. அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அப்புறம் குனிந்து, மரக்கோடுகளை மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"கோடு ஒண்ணுகூட உருகலையே."

"உருவாதும்மா. நுனியில போட்டேன்." இனி நிறுத்த முடியாது என்று தெரிந்தது. "நாப்பத்தாறு வருசமா இஸ்திரி போடுறேன். மயிலாப்பூர்ல தள்ளு வண்டி. மரத்தடி. டெக்ஸ்டைல்னா அதான்."

மலர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வெள்ளைக்காரர்கள் காத்தாடிக் கிழவரோடு போட்டோ எடுக்கிற சத்தம். பார்வதி அம்மா காகிதங்களைத் திரும்ப அடுக்கினார். நான் அடுக்கிய மாதிரி வரவில்லை.

"பாப்பா" என்றார்.

"அத்தை, நான்..."

"இஸ்திரி போடுறவருன்னு சொல்லியிருந்தா, இஸ்திரிப் பெட்டி இருக்கற ரூம்புல இவர தனியா விட்டுட்டுப் போயிருப்பேனா நானு?"

மலர் மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டெக்ஸ்டைல் லைன்னா சும்மா உக்காந்திருப்பாருன்னு நெனச்சேன். வேலை செய்றவரா இருந்தா கைய வெச்சுக்கிட்டு எப்படி சும்மா இருப்பாரு? மூணு வெள்ளிக்கிழமை! என் முட்டி என்ன ஆச்சு தெரியுமா?" இப்போதுதான் குரல் உயர்ந்தது. என்னையும் விடவில்லை. "நீங்களும்தான். ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? உங்க ஊர்ல எல்லாம் அடுத்தவங்க மழைய இப்படித்தான் எடுப்பீங்களா?"

"கேட்டு எடுக்கற வழக்கம் இல்லம்மா."

ஐனி அதற்குள் ஒரு தூரிகையில் நீலச் சாயம் தொட்டு, முந்தானை ஓரத்தில் தடவிப் பார்த்துவிட்டார். மெழுகை எவ்வளவு ஒற்றினாலும் ஒரு பிசுக்கு நூலில் நிற்கும், எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சாயம் பரவியது. சொட்டு இருந்த இடங்களில் முழுசாகப் பிடிக்கவில்லை, முழுசாக விடவும் இல்லை. நீலத்துக்குள் வெளிறிய நீலமாகப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் உண்டு, சும்மா பார்த்தால் இல்லை.

ஐனி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். யாரும் கேட்காமலே மலர் மொழிபெயர்த்தாள்.

"'பெருமழை நின்னுடுச்சு. தூறல் இருக்கு'ன்றாங்க."

பார்வதி அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். தூரிகையை வாங்கி மீதியைத் தடவ ஆரம்பித்தார்.

வீட்டுக்குப் போகும்போது மணி மூன்று. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நேற்றுப்போல் ஓரமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். சொம்புத் தண்ணீர் வரும், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தேன். சொம்பு வந்தது. அதோடு ஒரு கிண்ணமும் வந்தது, கை கழுவ. அப்புறம் மேஜையில் வாழை இலை விழுந்தது.

நான் மலரைப் பார்த்தேன். மலர் இலையைப் பார்த்தாள்.

"சம்பந்தி, சோறு ஆறுது" என்றார் பார்வதி அம்மா. நேற்று ஐயா என்று கூப்பிட்டவர். "ஒரு கண்டிஷன். கல்யாணத்துக்கு அந்தப் புடவைதான். மெழுகு போற வரைக்கும் நீங்க அது பக்கம் வரக் கூடாது."

"வரலம்மா."

கை நனைத்தேன். கோழிக்கறி, கீரை வதக்கல், ரசம். கறியில் உப்பு ஒரு கல் கூட. சொல்லவில்லை. இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன்.

கல்யாணம் மயிலாப்பூரில் வைத்தோம். முதல் நாள் காலை பத்து மணிக்கு நான் வண்டியில் இருந்தேன். கல்யாணம் என்றாலும் தெருவுக்குத் துணி போட்டாக வேண்டும். தெரு முனையில் ஆட்டோ நின்றது. பார்வதி அம்மா இறங்கினார், கையில் ஒரு பை. அவருக்குப் பின்னால் மலர். இந்தத் தெருவுக்குள் அவள் நடந்து வந்ததைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தேன்.

பார்வதி அம்மா மரத்தை அண்ணாந்து பார்த்தார். "நெழல் இருக்குன்னு சொன்னீங்க. இருக்குதான்." பையிலிருந்து புடவையை எடுத்தார். பெட்டியில் அடைத்து வந்ததில் நூறு மடிப்பு. "மெழுகு இல்ல. இப்பப் போடலாம்."

ஆறு கெஜத்தை வண்டியில் விரித்தால் ஒரு பக்கம் மண்ணில் விழும். அமுதா இருந்தவரைக்கும் அவள் பிடிப்பாள். நான் சொல்வதற்குள் மலர் கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ப்பக்கம் போய், முந்தானையை இரண்டு கையிலும் ஏந்தி நின்றாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. மடிக்க மடிக்க நீளம் குறைய, ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தாள், அவள் அம்மா வருகிற மாதிரி.

மாடி வீட்டு மாமி தன் துணியை வாங்க வந்தார். முப்பது வருட வாடிக்கை. கண்ணை இடுக்கி முந்தானையைப் பார்த்தார்.

"என்ன தாமோதரன், ஜலம் தெளிச்சது காயவே இல்லையே? அப்படியே மடிச்சுண்டிருக்கேளே. எங்காத்துப் புடவையையும் இப்படித்தான் பண்றேளா?"

"தண்ணி இல்ல மாமி" என்றேன். "அது தூறல்."